நுண்தாதுக்களும் ஸ்டெம் செல்களும் எலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு நோய்களுக்காக மருத்துவமனைக்கு வருவோருக்கு உணவு ஆலோசனை கூறுவது என் பணி. துத்தநாக (ஜிங்க்) மாத்திரை, செம்புப் பாத்திரம், போர்வெல் தண்ணீர், "ஸ்டெம் செல்லைத் தூண்டும்" பொடி ஆகியவற்றைப் பற்றிய ஐயங்கள் ஏறத்தாழ ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதால், கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் விடைகள் எளிதில் விளங்கும்.

நுண்தாது என்றால் என்ன? கால்சியமும் அதில்தானே சேரும்?

சேராது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக உடலுக்குத் தேவைப்படும் தாதுக்களையே நுண்தாதுக்கள் என்கிறோம். கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம் ஆகியவை பெருந்தாதுக்கள். வளர்ந்த ஒருவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த கால்சியத்தின் அளவு நாளுக்கு 1000 மில்லிகிராம். துத்தநாகத்தின் அளவோ ஆண்களுக்கு 17 மில்லிகிராம்தான். செம்பு அதைவிடக் குறைவாக, ஓரிரு மில்லிகிராம் அளவிலேயே தேவைப்படுகிறது.

எலும்பைப் பற்றிப் பேசும்போது அடிபடும் நுண்தாதுக்கள் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, இரும்பு, செலினியம், ஃபுளோரைடு, சிலிக்கான், போரான், ஸ்ட்ரான்சியம் ஆகியவை. இவை அனைத்தும் உடலுக்கு இன்றியமையாதவை அல்ல. முதல் ஐந்தும் இல்லாமல் உயிர் வாழ முடியாது. மற்றவை எலும்பில் வேலை செய்கின்றன என்றாலும், உணவில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று நிறுவப்படவில்லை.

எலும்பு கல் மாதிரியான பொருள்தானே? அதில் ஸ்டெம் செல்லுக்கு என்ன வேலை?

எலும்பு உயிருள்ள திசு. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய 10 விழுக்காடு ஆண்டுதோறும் அரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. அரிக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்றும், கட்டும் செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்றும் பெயர். கட்டும் செல்கள் சில மாதங்களே வாழ்பவை என்பதால், அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை பிறந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பிறப்பிடமே எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்கள். தமிழில் இவற்றைக் குருத்தணுக்கள் என்றும் சொல்கிறோம்.

மஜ்ஜையில் இரு குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன. இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களின் வழியில் வருவது அரிக்கும் செல். மீசன்கைமல் ஸ்டெம் செல் எனப்படும் மற்றொரு குடும்பத்திலிருந்து வருவது கட்டும் செல். மஜ்ஜையின் தாங்குதிசு செல்களால் எலும்பை உருவாக்க முடியும் என்பதை 1960-களில் சோவியத் ரஷ்யாவில் ஃபிரிடன்ஸ்டைன் என்ற அறிவியலாளர் காட்டினார். 1991-இல் அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன் அவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயரிட்டார். அவரே பிற்காலத்தில் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று வாதிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் செல் ஊசியைப் பற்றிப் பேசும்போது அது உதவும்.

ஒரு ஸ்டெம் செல் எலும்பாக மாறுவதா, கொழுப்பாக மாறுவதா என்று எது முடிவு செய்கிறது? தாது அதில் எங்கே வருகிறது?

மீசன்கைமல் செல்லுக்கு முன்னால் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று பல வழிகள் உள்ளன. ரன்எக்ஸ்2 என்ற புரதம் செல்லின் கருவில் மேலோங்கினால் அது எலும்பு வழியில் செல்கிறது. பிபிஏஆர்-காமா என்ற புரதம் மேலோங்கினால் கொழுப்பு செல்லாகிறது. வயது கூடக்கூட மஜ்ஜையில் கொழுப்பு மிகுவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம். உடல் உழைப்பு எலும்பின் மீது ஏற்றும் பளு, ஈஸ்ட்ரோஜன், வைட்டமின் டி போன்றவை இந்த முடிவில் பெரும்பங்கு வகிக்கின்றன.

நுண்தாதுக்கள் இந்தப் புரதங்களின் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. ரன்எக்ஸ்2-க்கு அடுத்த படியில் வேலை செய்யும் ஆஸ்டெரிக்ஸ் என்ற புரதம், டிஎன்ஏ-வைப் பற்றிக்கொள்வதற்கான விரல் போன்ற மடிப்புகளைத் துத்தநாக அணுவைக் கொண்டே நிலைநிறுத்துகிறது. வைட்டமின் டி-யை ஏற்றுக்கொள்ளும் புரதமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். ஆகவே கொடிய துத்தநாகக் குறைபாட்டில், எலும்பைக் கட்டு என்ற கட்டளையைப் படிக்கும் கருவியே பழுதுபடக்கூடும். ஆனால் குறைபாடு இல்லாதவர் கூடுதலாகத் துத்தநாகம் உண்டால் இந்தப் புரதங்கள் இரு மடங்கு வேலை செய்யும் என்று பொருள் கொள்ளக் கூடாது. பூட்டுக்கு ஒரு சாவி போதும்.

என் பையன் வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஜிங்க் குறைவாக இருக்குமா?

இருக்கலாம், அதைக் குழந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் குட்டையாக இருப்பதற்குப் பரம்பரை, தைராய்டு, குடல் நோய் என்று காரணங்கள் பல. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நல்லதொரு வரலாறு இருக்கிறது. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1950-களின் இறுதியில் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, 21 வயதாகியும் 10 வயதுச் சிறுவனைப் போலத் தோன்றிய ஒருவரைக் கண்டார். புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியே அவருடைய முதன்மையான உணவு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. 1961-இல் இந்த நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரசாத், பின்னர் எகிப்தில் நடத்திய ஆய்வுகளில் துத்தநாகக் குறைபாடே காரணம் என்று காட்டினார். துத்தநாகம் கொடுத்ததும் அத்தகைய இளைஞர்கள் வளரத் தொடங்கினார்கள். மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரவே வராது என்று அதுவரை நம்பியிருந்த மருத்துவ உலகம், தன் கருத்தை மாற்றிக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

உடலிலுள்ள 2 முதல் 3 கிராம் துத்தநாகத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு எலும்பில் இருக்கிறது. எலும்பில் தாது படிவதற்கு வழிசெய்யும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் துத்தநாகம் இல்லாமல் இயங்காது.

அப்படியானால் துத்தநாகம் எலும்பைக் கட்டும் பக்கம் மட்டும்தான் வேலை செய்கிறதா?

அப்படியில்லை. அரிக்கும் செல் எலும்பின் மீது அமிலத்தைச் சுரந்துதான் அதைக் கரைக்கிறது. அந்த அமிலம் உருவாக உதவும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியும் துத்தநாகத்தைக் கொண்டதே. பிறவியிலேயே அந்த நொதி இல்லாத குழந்தைகளுக்கு எலும்பு அரிக்கப்படாமல் பளிங்கு போல இறுகி, எளிதில் முறிந்துவிடுகிறது. எலும்பின் நலம் கட்டுவதில் மட்டும் இல்லை, பழையதை அகற்றுவதிலும் இருக்கிறது. இந்தச் செய்தி ஃபுளோரைடு, ஸ்ட்ரான்சியம் பற்றிய விடைகளில் மீண்டும் வரும்.

செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரைக் குடித்தால் எலும்பு பலப்படுமா?

எலும்பின் எடையில் பெரும்பகுதி தாது என்றாலும், அந்தத் தாது படிவது கொலாஜன் என்ற புரத இழைகளின் மீதுதான். இழைகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்குச் செம்பு தேவை. பிணைப்பு இல்லையென்றால், கம்பி கட்டாமல் காங்கிரீட் போட்ட தூணைப் போல எலும்பு வலுவிழக்கும். குறைமாதத்தில் பிறந்து செம்புக் குறைபாட்டுக்கு ஆளான சிசுக்களிடமும், செம்பை உடலில் சேர்க்க முடியாத மென்கீஸ் என்ற பிறவி நோயுள்ள குழந்தைகளிடமும் எலும்பு முறிவுகள் காணப்படுகின்றன.

ஆனால் பருப்பு, எள், முந்திரி, தானியம் உண்ணும் வளர்ந்த ஒருவருக்குச் செம்புக் குறைபாடு அரிது. செம்புக் குடத்துத் தண்ணீரைக் குடிப்பதில் தவறில்லை. அது எலும்பைக் கூடுதலாகப் பலப்படுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. புளிப்பான மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. அளவுக்கு மீறிய செம்பு கரைந்து குமட்டலும் வயிற்றுவலியும் வரும்.

ஜிங்க் மாத்திரை சத்துதானே? கொரோனா காலத்திலிருந்து தினமும் சாப்பிடுகிறேன், என்ன ஆகிவிடும்?

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் கவலையோடு எழுதும் விடை இது. கூடுதல் துத்தநாகம் குடலுக்குள் நுழையும்போது, குடற்சுவர் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைப் பெருமளவில் உண்டாக்குகின்றன. அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பையே இறுகப் பற்றிக்கொள்ளும். சில நாட்களில் அந்த செல்கள் உதிரும்போது, பற்றிய செம்பும் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. செம்பு மிகுதியால் வரும் வில்சன் நோய்க்குத் துத்தநாகத்தையே மருந்தாகக் கொடுப்பது இந்தக் காரணத்தால்தான்.

நோயில்லாதவருக்கு இதே நிகழ்வு பல மாதங்கள் தொடர்ந்தால், செம்புக் குறைபாடு முதலில் மஜ்ஜையைத் தாக்குகிறது. இரத்தத்தை உண்டாக்கும் செல்கள் சரிவர முதிர்வதில்லை. இரத்தசோகை வருகிறது, வெள்ளையணுக்கள் குறைகின்றன. மஜ்ஜையைச் சோதித்தால் புற்றுநோயின் முன்நிலை என்று ஐயுறும் அளவுக்கு அது மாறியிருக்கக்கூடும். தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடை தள்ளாடுவதும் உண்டு. அமெரிக்காவில், துத்தநாகம் கலந்த பல்செட் ஒட்டும் பசையை ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு இவ்வாறு நேர்ந்தது 2008-இல் மருத்துவ இதழில் வெளியானது. உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வளர்ந்தவர்களுக்கான உச்ச வரம்பு. கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் ஒன்றிலேயே 50 மில்லிகிராம் இருக்கிறது. அட்டையைப் புரட்டி, அளவைப் படித்துப் பாருங்கள்.

மாங்கனீசு, சிலிக்கான், போரான் எல்லாம் சேர்ந்த மாத்திரை நல்லதா?

மாங்கனீசு குருத்தெலும்பின் சர்க்கரைப் புரதங்களை உருவாக்கும் நொதிகளுக்குத் தேவை. அது குறைந்த தீவனத்தை உண்ட கோழிக்குஞ்சுகளின் கால்கள் வளைந்து, தசைநாண் நழுவிவிடுவதை 1930-களிலேயே கண்டறிந்தார்கள். மனிதரிடம் உணவால் வரும் குறைபாடு மிக மிக அரிது, ஏனெனில் அரிசி, கோதுமை, பருப்பு, தேநீர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சிலிக்கானும் போரானும் எலும்புக்கு உதவக்கூடும் என்பதற்கு விலங்காய்வுகள் உள்ளன; மனிதருக்கு மாத்திரையாகக் கொடுத்து எலும்பு முறிவு குறைந்தது என்ற சான்று இல்லை.

ஃபுளோரைடு எலும்பைக் கெட்டியாக்கும் என்கிறார்கள். பிறகு தர்மபுரி பக்கம் ஏன் முதுகு வளைந்து போகிறது?

இரண்டும் உண்மை. ஃபுளோரைடு கட்டும் செல்களைத் தூண்டுகிறது. எலும்பின் படிகத்துக்குள்ளும் புகுந்து அதன் அமைப்பை மாற்றுகிறது. விளைவாக எலும்பின் அடர்த்தி கூடுகிறது, ஆனால் அந்தப் புதிய எலும்பு ஒழுங்கற்றுப் பின்னப்பட்டிருக்கிறது. தசைநார்களிலும் தாது படிகிறது. முதுகெலும்பு ஒட்டி இறுகிவிடுகிறது. சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், இன்றைய ஆந்திராவின் பொதிலிப் பகுதியில், கிணற்று நீரால் வந்த, ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்த நோயை 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் பதிவு செய்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. காவிரி நீரை அங்கே கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம்; திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது.

கெட்டியான எலும்பு வலுவான எலும்பு ஆகாது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) உள்ள 202 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடை நான்கு ஆண்டுகள் கொடுத்தார்கள். 1990-இல் வெளியான முடிவின்படி, முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு கூடியது. ஆயினும் முதுகெலும்பு முறிவுகள் சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவுகள், மருந்து பெறாதோரைவிட மூன்று மடங்காயின. ஸ்கேன் எண்ணை மட்டும் பார்த்து மகிழ்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

ஒரே மாதிரி தண்ணீர் குடித்தும் சில ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் முழங்கால் முட்டிக்கொள்வது ஏன்?

1973-இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் நல்கொண்டா பகுதியில் இந்தப் புதிரைத்தான் எழுதினார்கள். வழக்கமான ஃபுளோரோசிஸில் எலும்பு இறுகும். அங்கோ இளைஞர்களின் கால் எலும்புகள் மெலிந்து, முழங்கால்கள் உட்புறம் வளைந்திருந்தன. அவர்களின் முதன்மை உணவு சோளம். அப்பகுதிச் சோளத்தில் மாலிப்டினம் என்ற இன்னொரு நுண்தாது மிகுந்திருந்தது. மாலிப்டினம் கூடினால் செம்பு சிறுநீரில் அதிகமாக வெளியேறும். செம்பு குறைந்தால் கொலாஜனுக்கு என்ன நேரும் என்பதை மேலே செம்பு பற்றிய விடையில் பார்த்தோம். ஒரு தாதுவின் நஞ்சை இன்னொன்றின் மிகுதியும் மூன்றாவதன் குறைவும் சேர்ந்து வேறொரு நோயாக மாற்றிய நிகழ்வு இது. தாதுக்களைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதன் குறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஸ்ட்ரான்சியம் மாத்திரை சாப்பிட்டால் ஸ்கேனில் அடர்த்தி ஏறுகிறதாமே?

ஏறும், ஆனால் அந்த ஏற்றம் முழுவதும் எலும்பன்று. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் இடத்தில் அமர்கிறது. அதன் அணு கனமானது என்பதால், எக்ஸ்-கதிரைக் கூடுதலாகத் தடுத்து, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் எண்ணை உயர்த்திக் காட்டுகிறது. இதைத் தவிர, ஸ்ட்ரான்சியம் ரானலேட் என்ற மருந்து மஜ்ஜை செல்களை எலும்பு வழிக்குத் திருப்புவது ஆய்வகத்தில் காணப்பட்டது. முறிவுகளும் உண்மையிலேயே குறைந்தன. ஐரோப்பாவில் 2004-இல் அனுமதி பெற்ற அம்மருந்து, மாரடைப்பு அபாயம் தெரிந்ததால் 2014-இல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் அதைத் தயாரித்த நிறுவனமே உற்பத்தியை நிறுத்தியது. இணையத்தில் விற்கும் ஸ்ட்ரான்சியம் சிட்ரேட் பொடிக்கு இந்த அளவு சோதனைகூட நடந்ததில்லை.

இரும்பும் செலினியமும் எலும்புக்கு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும், அளவோடு. கொலாஜன் இழை உருவாகும்போதே வைட்டமின் சி-யோடு இரும்பும் தேவைப்படுகிறது. மறுபுறம், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளிடம் இரும்பு தேங்கும்போது, கட்டும் செல்கள் நலிந்து எலும்பு மெலிகிறது. செலினியம் குறைந்த மண்ணுள்ள சீனா, திபெத், சைபீரியப் பகுதிகளில் குழந்தைகளின் மூட்டுக் குருத்தெலும்பு அழியும் காஷின்-பெக் நோய் காணப்படுகிறது. தானியத்தில் வளரும் பூஞ்சை நஞ்சும் அதற்குத் துணைக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஆய்வகத்தில் துத்தநாகம் சேர்த்தால் ஸ்டெம் செல் எலும்பாகிறது என்று படித்தேன். அப்போது மாத்திரையும் அதைச் செய்யுமே?

படித்தது சரி. தட்டில் வளர்க்கும் மீசன்கைமல் செல்களுக்குத் தக்க அளவில் துத்தநாகம் சேர்த்தால் ரன்எக்ஸ்2 கூடுகிறது, தாது படிகிறது. ஆனால் தட்டில் செல்லைச் சூழும் திரவத்தின் அளவை ஆய்வாளர் தீர்மானிக்கிறார். உடலிலோ குடலும் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து இரத்தத்தின் துத்தநாக அளவைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன. நீங்கள் விழுங்கியது மஜ்ஜையை அதே செறிவில் சென்றடையாது.

மனிதரிடம் செய்த சோதனைகளில் நான் மதிப்பது 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஒன்று. மாதவிடாய் நின்ற 59 பெண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்தில்லா மாத்திரை பெற்றோரின் முதுகெலும்பு அடர்த்தி 3.5 விழுக்காடு குறைந்தது. கால்சியம் மட்டும் பெற்றோருக்கு 1.25 விழுக்காடு குறைந்தது. கால்சியத்தோடு துத்தநாகம், செம்பு, மாங்கனீசு மூன்றும் பெற்றோருக்கு 1.5 விழுக்காடு கூடியது. ஊக்கம் தரும் முடிவுதான். ஆனால் ஆட்கள் மிகக் குறைவு. அளந்தது அடர்த்தியை, முறிவுகளை அன்று. கால்சியம் மட்டும் பெற்றவர்களுக்கும் மூன்றும் பெற்றவர்களுக்கும் இடையேயான வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவும் இல்லை.

எலும்புக்குள் கண்ணாடி வைக்கிறார்களாமே, அதுவும் தாது வேலைதானா?

ஆம், நுண்தாது ஸ்டெம் செல்லுக்கு உண்மையிலேயே உதவும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஓர் இராணுவ அதிகாரி, உடல் ஒதுக்கித் தள்ளாத பொருள் ஒன்றை உருவாக்க முடியுமா என்று பேருந்துப் பயணத்தில் கேட்ட கேள்வியால் தூண்டப்பட்டு, லாரி ஹெஞ்ச் என்ற அமெரிக்கர் 1969-இல் எலும்போடு ஒட்டும் கண்ணாடியைக் கண்டுபிடித்தார். அதில் 45 விழுக்காடு சிலிக்கா. எஞ்சியது சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள். அது மெல்லக் கரையும்போது வெளிவரும் சிலிக்கானும் கால்சியமும் அருகிலுள்ள எலும்பு செல்களின் மரபணுக்களைத் தூண்டுகின்றன. பல் சிகிச்சையிலும் எலும்புக் குழிகளை நிரப்பவும் இது பயன்படுகிறது. துத்தநாகம், ஸ்ட்ரான்சியம் சேர்த்த கண்ணாடிகளும் ஆராயப்படுகின்றன. முந்தைய விடையில் சொன்ன தடை இங்கே இல்லை: தாது குடல் வழியே சுற்றி வராமல், தேவையான இடத்திலேயே, தேவையான செறிவில் வெளிவருகிறது.

மூட்டு தேய்மானத்துக்கும் எலும்புப்புரைக்கும் ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்கிறார்களே?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்ற ஏற்கப்பட்டவற்றைத் தவிர, பிற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் தர வேண்டும். ஆய்வில் சேர்பவரிடம் பணம் வசூலிக்கும் மருத்துவமனையைக் கண்டு ஐயப்படுங்கள். ஊசியில் செலுத்தப்படும் செல்கள் பெரும்பாலும் அங்கே எலும்பாக வளர்வதில்லை, வேதிச் செய்திகளை அனுப்பிவிட்டு மறைகின்றன என்பதற்காகவே கேப்லன் பெயரை மாற்றச் சொன்னார். "ஸ்டெம் செல்லைத் தூண்டும்" என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளுக்கு முறிவைக் குறைத்த சான்று எதுவும் இல்லை.

இரத்தப் பரிசோதனை செய்து எல்லாத் தாதுக்களையும் பார்த்துவிடலாமா?

உடலின் துத்தநாகத்தில் ஏறக்குறைய 0.1 விழுக்காடு மட்டுமே இரத்த நீரில் இருக்கிறது. காய்ச்சல், அண்மையில் உண்ட உணவு ஆகியவற்றாலேயே அது மாறிவிடும். தலைமுடியில் தாது அளக்கும் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். காரணமில்லாத இரத்தசோகை, தள்ளாடும் நடை, குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட வரலாறு போன்றவை இருந்தால் மருத்துவர் கேட்டு எழுதும் சோதனைகளே பயன் தருபவை.

ராகியில் கால்சியம் அதிகம். ஆனால் அதிலுள்ள ஏதோ ஒன்று சத்தைத் தடுக்கும் என்கிறார்களே?

அந்த ஏதோ ஒன்றுக்கு ஃபைட்டேட் என்று பெயர். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. ஃபைட்டேட் அதிலும் துத்தநாகத்திலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஷிராஸ் இளைஞரின் ரொட்டியில் நடந்ததும் இதுவே. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவற்றால் ஃபைட்டேட் சிதைகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவு, இரவே கரைத்துப் புளிக்கவைத்த கூழ், இட்லி மாவு ஆகியவை நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள நல்ல வழிகள். மீன், முட்டை, இறைச்சி உண்பவர்களுக்குத் துத்தநாகம் எளிதாகக் கிடைக்கும். நெத்திலியை முள்ளோடு உண்டால் கால்சியமும் சேரும். மரக்கறி உண்பவர்கள் பயறு, எள், வேர்க்கடலை ஆகியவற்றை அன்றாடம் சேர்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு எலும்புப்புரை மாத்திரை, கால்சியம், இரும்பு, ஜிங்க், தைராய்டு மாத்திரை எல்லாம் இருக்கிறது. ஒன்றாகவே கொடுத்துவிடலாமா?

கூடாது. வாரம் ஒருமுறை தரப்படும் அலெண்ட்ரோனேட் போன்ற எலும்புப்புரை மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அடுத்த 30 நிமிடம் படுக்காமல், வேறு எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். கால்சியமோ இரும்போ கூடச் சென்றால் மருந்து அதனோடு பிணைந்து, உடலில் சேராமலே வெளியேறிவிடும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் அல்லது இரும்புக்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்கட்டும். எலும்புப்புரை மாத்திரை, தைராய்டு மாத்திரை இரண்டுமே வெறும் வயிற்றில் போட வேண்டியவை என்பதால், வாரத்தில் அந்த ஒரு நாளில் எதை முதலில் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கால்சியத்தை மதிய உணவோடும், இரும்பை வேறொரு வேளையிலும் கொடுக்கலாம். ஜிங்க் எதற்காக எழுதப்பட்டது, எத்தனை வாரங்களுக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் எழுதாமல் வீட்டில் யாரோ வாங்கிக் கொடுத்ததாக இருந்தால், அந்த அட்டையையும் அடுத்த முறை கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.